புரியாத மொழியில் போட்ட கையெழுத்து

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கொழும்பில் நகைக்கடையில் வேலை செய்யும் அவருடைய தம்பி, பொங்கலுக்கு லயத்துக்கு வந்திருந்தான். கடையில் சங்கிலி காணாமற்போன முறைப்பாடு தொடர்பாகப் பொலிஸார் அவனை அழைத்துச் சென்றார்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தின் மூன்று பக்கங்களில், விளக்கிச் சொல்லாமலே கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவில் அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை மீண்டும் வர வேண்டுமாம். “பெரியவரை எனக்குத் தெரியும், முப்பதாயிரம் கொடுத்தால் கேஸை முடித்துவிடலாம்” என்று தோட்டத்தில் ஒருவர் சொல்கிறாராம். கொடுக்கலாமா? அந்தக் கையெழுத்தால் தம்பி மாட்டிக்கொள்வானா?

ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நன்றாகத் தெரியும். பொலிஸ் நிலையத்துக்கு எதிர்த் தேநீர்க் கடையில் காலையிலேயே உட்கார்ந்திருப்பார். பணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போவார், வாசலில் நிற்பவரிடம் சுகம் விசாரிப்பார், வெளியே வந்து “பேசிவிட்டேன்” என்பார். பிள்ளையை விட்டுவிட்டால் அது அவருடைய செல்வாக்கு. விடாவிட்டால், “மேலே இன்னும் இருபதாயிரம் கேட்கிறார்கள்” என்பார். சங்கிலிக்காரர் கொடுத்த முறைப்பாடு பொலிஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. தேநீர்க் கடையில் உட்கார்ந்து அதை அழிக்க முடியாது. இலஞ்சம் கேட்பவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி என்பதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

இனிக் கையெழுத்து. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவுப்படி, எழுதிய வாக்குமூலத்தைச் சொன்னவருக்குக் காட்ட வேண்டும், அல்லது வாசித்துக்காட்ட வேண்டும். எழுதிய மொழி அவருக்குப் புரியாவிட்டால், புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தவோ சேர்க்கவோ அவருக்கு இடம் கொடுக்க வேண்டும். இவற்றில் எதையும் தம்பிக்குச் செய்யவில்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். அந்தச் செய்தி பல பொலிஸ் நிலையங்களின் மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆனாலும் பயப்பட வேண்டாம். சாதாரணத் திருட்டு வழக்கில், பொலிஸாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தாலும் நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்காது. ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதை இரண்டு முறை வாசியுங்கள். “சங்கிலியை மூன்றாம் மலையில், வாய்க்கால் ஓரத்துத் தேயிலைச் செடியின் அடியில் புதைத்தேன்” என்று ஒருவர் காவலில் இருக்கும்போது சொல்லி, பொலிஸார் அங்கே போய்த் தோண்டி எடுத்தால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த வார்த்தைகள் மட்டும் அவருக்கு எதிராக வரும். “திருடினேன்” என்பது வராது. “அங்கே இருக்கிறது” என்பது வரும். பொருள் கிடைக்கவில்லையென்றால் அதுவும் வராது. ஆகவே அந்த மூன்று பக்கங்களில் இடம், பொருள் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். தான் வாயால் என்ன சொன்னான் என்பதைத் தம்பி இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். பின்னால் நீதிமன்றத்தில் வேறு மாதிரிச் சொன்னால், பழைய வாக்குமூலத்தைக் காட்டி மடக்குவார்கள்.

திங்கட்கிழமை போகாமல் இருக்க வேண்டாம். ஒளிந்தால் சந்தேகம்தான் கூடும். தனியாகவும் போக வேண்டாம். 2012இல் வந்த விதிகளின்படி சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்குள் அவனுக்காகப் பேசலாம். வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். கை வைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அன்றே அழையுங்கள். அதற்காக அடிப்படை உரிமை வழக்கோடு உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் இருக்கிறது. “பார்த்துக்கொள்ளலாம்” என்று எங்கள் ஆட்கள் அதைத்தான் கரைக்கிறார்கள்.

போகும்போது பொறுப்பதிகாரிக்குத் தமிழில் ஒரு கடிதம் கொண்டுபோகட்டும்: “எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. வாக்குமூலத்தை எனக்கு வாசித்து விளக்கவில்லை. தமிழில் மீண்டும் பதிவு செய்யுங்கள்.” இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையும் திகதியும் போட்டு வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். நேராகத் தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அந்தப் பற்றுச்சீட்டை அடையாள அட்டையோடு சேர்த்து வைக்கட்டும்.