வீட்டுச் சுவருக்கு ஆயில் பெயின்டிங் நகல்: கேள்வி பதில்

நகல் ஓவியம் வரைவதும் பழைய ஓவியங்களைச் சீர்செய்வதும் என் தொழில். புகழ்பெற்ற ஓவியங்களின் கையால் வரைந்த நகல்களை வாங்குவது, பராமரிப்பது பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: சார், சோபாவுக்கு மேலே வான்கோவின் 'நட்சத்திர இரவு' மாட்ட ஆசை. ஆறடி அகலத்தில் வரைந்து தருவார்களா?

தருவார்கள். நான் வேண்டாம் என்பேன். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள அசலே 73.7 × 92.1 செ.மீ.தான். அந்தப் படத்தின் உயிர் தூரிகைத் தடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தடமும் வான்கோவின் கை ஓடிய நீளம். அளவை இரட்டிப்பாக்கினால் தடங்களைத் தடிப்பாக்க வேண்டும், அல்லது கூடுதலாகப் போட்டு இடத்தை நிரப்ப வேண்டும். எப்படிச் செய்தாலும் வானத்தின் சுழற்சி தளர்ந்துவிடும். சுவர் பெரிது என்றால் பெரிதாகவே வரையப்பட்ட ஓவியத்தைத் தேர்ந்தெடுங்கள். கிளிம்டின் 'முத்தம்' 180 × 180 செ.மீ.

கேள்வி: 'முத்தம்' நகலில் தங்கம் நிஜமா?

அசலில் தங்க இதழ் (காகிதம்போல மெல்லிய தங்கத் தகடு) உண்டு. நகல்களில் பெரும்பாலும் பித்தளை இதழ், இல்லையென்றால் தங்க நிற பெயின்ட். பித்தளை கறுக்கும், கடலோர ஊர்களில் சீக்கிரமே. மேலே காப்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: "நூறு சதவீதம் கையால் வரைந்தது" என்கிறார்கள். எப்படி நம்புவது அண்ணா?

கேன்வாஸில் பிரிண்ட் எடுத்து, அதன்மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்து விற்பவர்கள் நிறையப் பேர். தொட்டால் மேடுபள்ளம் தெரியும், அதனால் ஏமாந்துபோவோம். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிரிண்ட் என்றால் பொடிப்புள்ளிகள் தெரியும். மேடுகள் படத்தோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். மஞ்சள் பூவிதழ் ஒரு பக்கம் வளைய, மேடு வேறு பக்கம் ஓடினால் அது ஜெல். பணம் கட்டுவதற்கு முன்பே, பக்கவாட்டிலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும்படி எடுத்த போட்டோ கேளுங்கள். நேர்வெளிச்சத்தில் எடுத்தது எதையும் காட்டாது.

கேள்வி: என் பெட்ரூமுக்காக வான்கோவின் 'படுக்கையறை' வரையச் சொன்னேன். புத்தகத்தில் சுவர் நீலம். வந்த நகலில் இளம் ஊதா. திருப்பி அனுப்பலாமா?

அவசரப்படாதீர்கள் அம்மா. தெரிந்தே அப்படி வரைந்தாரா என்று முதலில் கேளுங்கள். 1888 அக்டோபரில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், சுவர்கள் வெளிர் ஊதா என்றே வான்கோ எழுதியிருக்கிறார். ஊதாவுக்காகக் கலந்த சிவப்பு வெளிச்சம் பட்டு வெளுத்துவிட்டது, நீலம் மட்டும் மிஞ்சியது. அதே படத்தை அவர் மூன்று முறை வரைந்தார்: இப்போது ஆம்ஸ்டர்டாமில் ஒன்று, சிகாகோவில் ஒன்று, பாரிஸில் சற்றுச் சிறியதாக ஒன்று. உங்களுடையது எதன் நகல் என்றும் கேளுங்கள்.

குறுக்கே ஒருவர்: இன்று அசல் எப்படி இருக்கிறதோ அப்படி வரைவதுதானே நகல்? ஊதா என்பது நகல்காரரின் கற்பனை.

கற்பனை இல்லை. கடிதம் இருக்கிறது. சிகாகோ படத்திலிருந்து எடுத்த வண்ணத் துணுக்கைத் திருப்பிப் பார்த்தபோது, வெளிச்சம் படாத அடிப்பக்கம் ஊதாவாகவே இருந்தது.

கேள்வி: வார்னிஷ் எப்போது அடிப்பது?

குறைந்தது ஆறு மாதம் கழித்து. வண்ணம் தடிப்பாக இருந்தால் ஒரு வருடம். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து இறுகுகிறது. மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும்.

அதே குறுக்குக் கேள்வியாளர்: சரி, ஊதா நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் காலம் மாற்றியதைத் திருத்த நகல்காரருக்கு யார் உரிமை கொடுத்தது?

இது நல்ல கேள்வி. ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' 1642இல் முடிந்தது. 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றச் சுவரில் இடம் போதவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டினார்கள். வெட்டிய துண்டுகள் கிடைக்கவில்லை. அங்கே என்ன இருந்தது என்று நமக்குத் தெரிவது கெரிட் லுண்டன்ஸ் முன்பே வரைந்து வைத்த சிறிய நகலால்தான். 2021இல் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் அதை வைத்துத்தான் விடுபட்ட பகுதிகளை உருவாக்கிச் சேர்த்துக் காட்டியது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் ஒரு மோனாலிசா நகல் இருக்கிறது. டாவின்சியின் பட்டறையிலேயே வரைந்தது. பின்னணியில் யாரோ கறுப்புப் பூசியிருந்தார்கள். அதை நீக்கி 2012இல் காட்டியபோது, பாரிஸ் அசலில் பழைய வார்னிஷுக்கு அடியில் மங்கிக் கிடக்கும் நிலக்காட்சி இதில் பளிச்சென்று இருந்தது. கவனித்து வரைந்த நகலுக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. வெளுத்த நீலத்தை வரைவதும் நியாயம்தான், இழந்த ஊதாவை வரைவதும் நியாயம்தான். எதை வரையப் போகிறேன் என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அனுப்பியிருந்தால் அந்த அம்மா கோபப்படுவது சரி.

கேள்வி: கையால் வரைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். சாய்வெளிச்சப் போட்டோ.

கேள்வி: எந்தத் திசையில் மாட்டினால் செல்வம் சேரும்?

எனக்குத் தெரியாத துறை. வெயில் நேராக விழாத, விளக்குப் புகை படாத சுவர் போதும்.

கேள்வி: பிக்காசோ நகல் வரைந்து விற்கலாமா?

அவர் இறந்தது 1973இல். இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும். ஆகவே 2033 முடியும்வரை அனுமதி வாங்காமல் கூடாது. வான்கோவுக்கு அந்தத் தடை இல்லை. யாருடைய நகலானாலும் அவர் கையெழுத்தைப் போடாதீர்கள்.

கேள்வி: தாத்தா காலத்து ரவிவர்மா படம் இருக்கிறது. மங்கிவிட்டது, மேலே பெயின்ட் அடித்துத் தருவீர்களா?

மாட்டேன், யாரையும் அடிக்க விடாதீர்கள். அது அநேகமாக அச்சகத்தில் வந்த ஓலியோகிராஃப், அதாவது ஆயில் பெயின்டிங் போலத் தெரியும் வண்ண அச்சுப் படம். காகிதப் படங்களைச் சீர்செய்பவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சீனாவின் தாஃபென்னிலிருந்து ஆர்டர் செய்திருக்கிறேன். சுருட்டி அனுப்புவார்களாம். கெட்டுப்போகாதா? நிஜமாகவே கையால் வரைந்ததா என்றும் பயம்.

ஹுவாங் ஜியாங் என்ற வியாபாரி 1989இல் ஹாங்காங்கிலிருந்து வந்து நகல் ஓவியத் தொழிலை ஆரம்பித்த பிறகு வளர்ந்த ஊர் அது. நல்ல கைகளும் இருக்கின்றன, அவசரக் கைகளும் இருக்கின்றன. சுருட்டும்போது வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்க வேண்டும், குழாய் அகலமாக இருக்க வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நசுங்கி வெடிக்கும். இதை அவர்களிடம் இன்றே எழுதிச் சொல்லுங்கள். வந்ததும் குழாயிலேயே விட்டுவைக்காமல் சட்டத்தில் இழுத்து மாட்டுங்கள். அனுப்பும் முன் சாய்வெளிச்சப் போட்டோ ஒன்று கேட்டு வாங்குங்கள்.