போர்வெல் தண்ணீர் கரிப்பு: காந்தக் கருவி வாங்கலாமா?

போர்வெல் தண்ணீரின் உப்பை எடுத்துவிடும் என்று ஒருவர் 12,000 ரூபாய்க்கு ஒரு காந்தக் கருவி விற்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழாயில் மாட்டும் காந்தம் உப்பை எடுக்காது. பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கரைந்த உப்பு காந்தத்தைத் தாண்டி அப்படியே வரும். அதைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வு (அழுத்தத்தில் நீரை மட்டும் விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வு) வேண்டும், இல்லையென்றால் நீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்க வேண்டும்.

உங்கள் கடலோர ஊரான தேவிபட்டினத்தில் கோடையில்தான் கரிப்பு ஏறுகிறது என்கிறீர்கள். மழையில்லாத மாதங்களில் போர்வெல்லில் இறைக்க இறைக்க, கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறுவதாக இருக்கலாம்.

விற்பவர் முன்னாலேயே டிடிஎஸ் மீட்டரால் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) அளந்து பாருங்கள். காந்தத்துக்கு முன் பிடித்த நீர் ஒரு டம்ளர், பின் பிடித்தது ஒரு டம்ளர். எது எதுவென்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. குடிநீரில் இந்த அளவு லிட்டருக்கு 500 மி.கி. வரை சரி, வேறு நீரே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தரம்.

மீட்டர் கிருமியைக் காட்டாது. உங்கள் வீடு கைக்குழந்தை இருக்கிற வீடு என்பதால், தண்ணீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்திலும் கொடுத்துப் பாருங்கள்.