குணம் பொருந்தினால் போதுமா?

மணவாழ்க்கையில் மனநிறைவு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்ற ஆய்வுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: நான் கலகலப்பாகப் பழகுகிறவள். அவர் நாலு பேர் கூடினாலே ஒதுங்கிவிடுவார். எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆனால் 'ரெண்டு பேருக்கும் குணமே ஒத்துப்போகலையே' என்று ஆளாளுக்குச் சொல்லி, எனக்கே பயம் வந்துவிட்டது.

பதில்: இந்தக் காரணத்துக்காகப் பயப்பட வேண்டாம். ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் பெரிய கணக்கெடுப்புகளை வைத்து 2010-ல் வெளிவந்த ஆய்வு இதையேதான் அலசியது. ஒருவருடைய திருப்தியில் அதிகப் பங்கு அவருடைய சொந்தக் குணத்துக்கு; துணையின் குணத்துக்கு அதைவிடக் குறைவு. இருவர் குணமும் ஒத்திருப்பதற்கு அரை சதவீதப் பங்குகூட இல்லை. குணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டென்றால், சட்டென்று கலங்கும், சிறு விஷயத்துக்கும் எரிச்சல்படும் சுபாவம்தான். கலகலப்பும் கூச்சமும் அல்ல.

2020-ல் 43 ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து, 11,196 ஜோடிகளின் விவரங்களைக் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வயது, குணம், மனச்சோர்வு போன்ற தனிமனித விவரங்களை மட்டும் வைத்தால், ஜோடிகளிடையே திருப்தியில் உள்ள வேறுபாட்டில் அதிகபட்சம் 21 சதவீதத்தை விளக்க முடிந்தது. உறவு பற்றிய விவரங்களை வைத்தபோது அது 45 சதவீதம் வரை போனது. அந்தப் பட்டியலில் மேலே நின்றவை: 'இவர் என்னை விட்டுப் போக மாட்டார்' என்ற நம்பிக்கை, 'இப்படி ஒருவர் கிடைத்தாரே' என்ற நன்றியுணர்வு, தாம்பத்திய உறவில் திருப்தி, துணையும் நிறைவாக இருக்கிறார் என்ற எண்ணம், சண்டையின் அளவு. உங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறவர்கள் யாருக்கும் இந்த ஐந்தும் வெளியிலிருந்து தெரியாது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. யாருடைய திருப்தி வரும் ஆண்டுகளில் ஏறும், யாருடையது இறங்கும் என்பதை அத்தனை விவரங்களை வைத்தும் கணிக்க முடியவில்லை. ஆகவே உங்கள் எதிர்காலத்தை எவராவது அடித்துச் சொன்னால், கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு கடுஞ்சொல்லுக்கு ஐந்து நல்ல வார்த்தை இருந்தால் மணவாழ்க்கை நிலைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எண்ணிக்கொண்டா பேசுவது?

பதில்: எண்ண வேண்டாம். ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்களின் ஆய்விலிருந்து வந்த கணக்கு அது. கணவன் மனைவியை உட்காரவைத்து, தீராத ஒரு பிரச்சினையைப் பற்றி 15 நிமிடம் பேசச் சொல்லிப் படம் பிடித்தார்கள். நாடித்துடிப்பையும் அளந்தார்கள். நிலைத்த ஜோடிகளிடம், அந்தக் கருத்து வேறுபாட்டின் நடுவிலேயே, ஒரு எதிர்மறைக்கு ஐந்து நேர்மறை என்ற அளவில் இருந்தது. நேர்மறை என்றால் பாராட்டு மழை இல்லை. 'ம்' கொட்டுவது, தலையசைப்பது, 'அதுவும் சரிதான்' என்பது, இடையில் ஒரு சிரிப்பு. காலையில் திட்டிவிட்டு மாலைக்குள் ஐந்து பாராட்டு சொல்லிக் கணக்கை நேர்செய்வது இதில் சேராது.

எதிர்மறை எல்லாம் ஒரே எடையும் இல்லை. கோபத்தைவிட இளக்காரம் ஆபத்தானது என்கிறார் காட்மன்: கண்ணை உருட்டுவது, பேசிய தொனியைப் பேசிக்காட்டிக் கேலி செய்வது, 'உனக்கெல்லாம் எங்கே புரியப்போகுது' என்பது.

விவாகரத்தை 90 சதவீதத்துக்கு மேல் துல்லியமாகக் கணிக்கலாம் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். யார் பிரிந்தார்கள் என்று தெரிந்த பிறகு, அதே ஜோடிகளின் தரவிலிருந்து சூத்திரம் அமைத்தால் துல்லியம் அப்படித்தான் வரும். வேறொரு கூட்டத்தில் பொருத்திப் பார்க்கும்போது வெகுவாக இறங்கிவிடும் என்று ஹேமன், ஸ்லெப் என்ற ஆய்வாளர்கள் 2001-லேயே காட்டிவிட்டார்கள்.

கேள்வி: மனைவி ஏதாவது பிரச்சினையை எடுத்தால் நான் வாயே திறக்க மாட்டேன். சண்டை வளரக்கூடாது என்றுதான். ஆனால் அதற்குத்தான் அவளுக்கு இன்னும் கோபம் வருகிறது.

பதில்: நீங்கள் ஒதுங்க ஒதுங்க அவர் விரட்டுவார், அவர் விரட்ட விரட்ட நீங்கள் ஒதுங்குவீர்கள். ஆன்ட்ரூ கிறிஸ்டென்சன் போன்ற உளவியலாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்த சுழல் இது. 'பெண்கள் நச்சரிப்பார்கள், ஆண்கள் ஒதுங்குவார்கள்' என்று முடித்துவிடாதீர்கள். 1990-ல் கிறிஸ்டென்சன் செய்த ஆய்வில், மாற்றம் வேண்டும் என்று மனைவி கேட்ட விஷயங்களில்தான் அந்த வித்தியாசம் துலக்கமாக இருந்தது. கணவன் மாற்றம் கேட்ட விஷயங்களில் மங்கிவிட்டது. இப்போதிருக்கும் ஏற்பாடு யாருக்கு வசதியோ, பேச்சைத் தவிர்ப்பது அவருக்கு லாபம். உங்கள் வீட்டில் எந்தெந்தப் பேச்சில் நீங்கள் மௌனமாகிறீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

நெஞ்சு படபடத்து, காதில் எதுவும் ஏறாத நிலை வந்தால் நிறுத்துவது தவறில்லை. நிறுத்தும் விதம்தான் முக்கியம். 'இப்ப என்னால யோசிக்க முடியல, அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உடம்பு தணிய 20 நிமிடமாவது ஆகும். அந்த நேரத்தில் பதிலடியை மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் தணியவே தணியாது, நடந்துவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்களாகவே போய்ப் பேச்சை எடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒருமுறை திரும்பிப் போகாவிட்டால், அடுத்த முறை கேட்கும் அரை மணி நேரமும் நழுவலாகத்தான் தெரியும்.

உங்கள் மனைவிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 124 புதுமணத் தம்பதிகளை வைத்து 1999-ல் வந்த ஆய்வில், வாக்குவாதத்தின் முதல் மூன்று நிமிடமே பின்னாளில் பிரிந்தவர்களையும் சேர்ந்திருந்தவர்களையும் வேறுபடுத்திக் காட்டியது. 'உங்களுக்கு வீட்டைப் பத்திக் கவலையே கிடையாது' என்று ஆரம்பித்தால் நீங்கள் வாயை மூடுவீர்கள். 'நேத்து ராத்திரி பாத்திரம் அப்படியே கிடந்துச்சு, காலையில பார்த்ததும் மலைப்பா இருந்துச்சு. இன்னிக்கு நீங்க கழுவுறீங்களா?' என்றால் பதில் சொல்ல இடம் கிடைக்கிறது.

கேள்வி: குழந்தை பிறந்தால் அன்னியோன்யம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: சராசரியில் உண்மை. அமெரிக்காவில் 218 ஜோடிகளை 8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை பிறந்ததும் திருப்தி சட்டென்று இறங்கியது. குழந்தை இல்லாதவர்களுக்கும் இறங்கத்தான் செய்தது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. அதனால் எல்லாப் பழியையும் தொட்டிலில் போடாதீர்கள்.

கேள்வி: ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஏதாவது உண்டா?

பதில்: சோதித்துப் பார்த்த ஒன்று உண்டு. ஈலை ஃபிங்கல் என்ற உளவியலாளரின் குழு 120 தம்பதிகளை வைத்துச் செய்து, 2013-ல் வெளியிட்டது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஏழு நிமிடம் எழுத வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை, மொத்தம் 21 நிமிடம்.

கடந்த நான்கு மாதத்தில் வந்த பெரிய கருத்து வேறுபாடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இருவருக்கும் நல்லது நினைக்கும் மூன்றாம் மனிதர் ஒருவர் அதைப் பார்த்திருந்தால் எப்படிப் பார்ப்பார், அதில் என்ன நல்லதைக் காண்பார் என்று எழுதுங்கள். சண்டை நடுவில் அப்படிப் பார்க்கவிடாமல் உங்களைத் தடுப்பது எது என்று அடுத்து. வரும் நான்கு மாதத்தில் அந்தப் பார்வையைக் கொண்டுவர என்ன செய்வீர்கள், அதனால் என்ன பலன் என்று கடைசியில்.

இப்படி எழுதியவர்களுக்குத் திருப்தியின் சரிவு நின்றது, எழுதாதவர்களுக்குத் தொடர்ந்தது. எழுதியவர்களுக்குச் சண்டையால் வரும் மனவேதனை குறைந்ததுதான் அதற்குக் காரணமாகத் தெரிந்தது. அந்த மூன்றாம் மனிதரை உங்கள் கட்சி வக்கீலாக மாற்றிவிடாமல் இருப்பதுதான் இதில் கஷ்டம்.

கேள்வி: ஆலோசகரிடம் போனால் பலன் இருக்குமா? எந்தக் கட்டத்தில் போவது?

பதில்: நீண்ட நாள் கடும் பிணக்கில் இருந்த 134 தம்பதிகளுக்கு அதிகபட்சம் 26 அமர்வுகள் கொடுத்து, ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேரிடம் நல்ல முன்னேற்றம். நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிரிந்துவிட்டார்கள்.

எப்போது போவது என்பதற்கு, நான்கே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் உதவும். ஃபங்க், ராகி (Funk, Rogge) என்ற ஆய்வாளர்கள் 2007-ல் உருவாக்கியது; CSI-4 என்று பெயர். மொத்தம் 21 மதிப்பெண், 13.5-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டிய அதிருப்தி. சண்டை போட்ட அன்று நிரப்பாதீர்கள். சில வார இடைவெளியில் இரண்டு முறை, தனித்தனியாக நிரப்புங்கள்.

அடி, மிரட்டல், பயம் இருக்கும் வீட்டுக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே சேர்ந்து உட்கார்ந்து பேசும் ஆலோசனையே ஆபத்தாகலாம். உள்ளே சொன்னதற்கு வீட்டில் பழிவாங்கல் நடக்கும். முதலில் தனியாக உதவி கேளுங்கள்.

கேள்வி: வீட்டு வேலையில் பாதி நான் செய்கிறேன். முக்கால்வாசி தானே செய்வதாக மனைவி சொல்கிறாள். யார் சொல்வது பொய்?

பதில்: இரண்டையும் கூட்டினால் 125 வருகிறது, கவனித்தீர்களா? ராஸ், சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்விலும் பெரும்பாலான தம்பதிகளின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டியது. தான் செய்தது நினைவில் நிற்கும்; மற்றவர் செய்தது கண்ணிலேயே பட்டிருக்காது. ஒரு வாரம் தாளில் குறித்துப் பாருங்கள், இரண்டு பத்தியாக: வேலையைச் செய்தது யார், செய்ய வேண்டும் என்று நினைவு வைத்திருந்தது யார். அந்த இரண்டாவது பத்தி நிரம்பும்போது உங்கள் 'பாதி' குறைய வாய்ப்பு உண்டு.