கேளுங்க, சொல்றேன்: பெரிய ரிமோட் மாடல் ப்ளேனுக்கு எந்த இஞ்சின்?

கேள்வி: வணக்கம் சார். இவ்வளவு நாளா சின்ன க்ளோ இஞ்சின் (மெத்தனால்ல ஓடறது) ப்ளேன்தான் ஓட்டிட்டு இருந்தேன், இப்பதான் பெருசா ஒண்ணு கட்டிட்டு இருக்கேன், கால் ஸ்கேல் (நிஜத்துல கால்வாசி அளவு) பைப்பர் கப், றெக்கை 106 இன்ச், எல்லாம் சேத்து 8 கிலோ வரும்போல. பிளான்ல 26லேருந்து 35 சிசி வரைக்கும்னு போட்டிருக்கு. ஆனா கூட பறக்க விடறவங்க எல்லாம் "55 சிசி போட்டுடு, பவர் இருந்தா நல்லதுதானே, வேணாங்கறப்ப த்ராட்டில குறைச்சுக்கோ"ங்கறாங்க. யார் சொல்றத கேக்கறது? க்ளோவிலயே பெரிய சைஸ் ஒண்ணு போட்டா என்னன்னும் ஒரு யோசனை ஓடுது.

பதில்: பிளான் போட்டவர் சொல்றத கேளுங்க. 30 சிசி பெட்ரோல் இஞ்சின் போதும், தாராளமாவே போதும்.

ஏன்னா, நிஜ கப் ஜே-3ல இருந்ததே 65 குதிரை சக்தி காண்டினென்டல் இஞ்சின்தான், ஆள் பெட்ரோல் எல்லாம் சேத்து அது தூக்கினது சுமார் 550 கிலோ. அதே விகிதத்த உங்க 8 கிலோவுக்குப் போட்டுப் பாருங்க, 1 எச்பி கூட வராது. சின்னதாக்கும்போது எல்லாமே அப்படியே சுருங்கிடாதுதான், காத்து ஸ்கேல் பாத்து வீசாது, அதனால நாம கொஞ்சம் கூட வெச்சுக்கறோம். ஆனா ஒரு நல்ல 30 சிசி 3 எச்பிக்கு மேல குடுக்குது, அதுவே மூணு மடங்குக்கு மேல ஆச்சே.

இஞ்சின் எடுக்கறப்ப எல்லாரும் சிசிலயும் எச்பிலயும் ஆரம்பிக்கறாங்க, நான் எப்பவும் ப்ராப்லேருந்து, அதாவது ப்ரொப்பெல்லர்லேருந்து, ஆரம்பிங்கன்னுதான் சொல்வேன். ப்ளேன இழுக்கறது ப்ராப்தான், அதைச் சுத்தி விடற வேலைதான் இஞ்சினுக்கு. நிஜ கப்போட ப்ராப் சுமார் 72 இன்ச், அதுல கால்வாசி 18. அதாவது உங்க ப்ளேனுக்கு 18 இன்ச் ப்ராப் போட்டா பாக்கவும் சரியா இருக்கும், லேண்டிங் கியர் உயரத்துக்கும் தரையில இடிக்காது. இனி பிட்ச், அதாவது ப்ராப் ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் முன்னேறும்ங்கற கணக்கு. பிட்ச் இன்ச்ச ஆர்பிஎம்மால பெருக்கி, வர்றத 0.001524ஆல பெருக்கினா ப்ராப் காத்த எந்த வேகத்துல தள்ளுதுன்னு கிலோமீட்டர்ல ஓரளவுக்கு வந்துடும். 18க்கு 6 (18 இன்ச் நீளம், 6 இன்ச் பிட்ச்) ப்ராப் 7000 ஆர்பிஎம் சுத்தினா மணிக்கு 64 கிலோமீட்டர் சொச்சம், 18க்கு 8 போட்டா 85. கப்புக்கு முதல்ல சொன்னதே தாராளம். இப்ப இந்த ப்ராப அலட்டிக்காம சுத்தற இஞ்சின் எதுன்னு தேடுங்க, அது நேரா 30 சிசில வந்து நிக்கும்.

55 சிசி போட்டா என்ன ஆகும்னா, அது 22 இன்ச், 23 இன்ச் ப்ராப் கேக்கும். அத மாட்டினா தரைக்கும் ப்ராப் நுனிக்கும் இடைவெளி சுருங்கிடும், புல்லுல ஓட்டறப்ப மூக்கு லேசா குனிஞ்சாலே ப்ராப் போயிடும். 18 இன்ச்சே போட்டு ஓட்டலாம்னா லோடு பத்தாம இஞ்சின் கன்னாபின்னான்னு சுத்தும், அதுவும் கெடுதல். "த்ராட்டில குறைச்சுக்கலாம்"கறது கேக்க நல்லா இருக்கு, ஆனா அதுக்கும் ஒரு அடிமட்டம் உண்டு. இந்த மாதிரி இஞ்சின் நின்னு போகாம ஐடில் ஆகறது 1500லேருந்து 1800 ஆர்பிஎம்ல, அந்த வேகத்துல 22 இன்ச் ப்ராப் சுத்தினாலே கப் மாதிரி லேசான றெக்கை ப்ளேன் இறங்க மாட்டேன்னு ரன்வே முழுக்க மிதந்துகிட்டே போகும். ஒத்த சிலிண்டர் 55 சிசி உதைக்கற உதை வேற இருக்கு, லேசான மரத்துல பண்ணின பயர்வால் (இஞ்சின் மாட்டற முன் தட்டு), சர்வோ (கட்டுப்பாட்டு மோட்டார்) கியர், டேங்க் மவுண்ட் எல்லாம் அதை வாங்கிக்கணும்.

அவங்க சொல்றதுல ஒரு நியாயமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். கப்புக்கு மூக்கு குட்டை, பாலன்ஸ் பண்ண நிறைய பேர் முன்னாடி ஈயம் வெக்கறாங்க, அந்த ஈயத்துக்குப் பதிலா கனமான இஞ்சினே போட்டா என்னங்கறது அவங்க வாதம். ஆனா மொதல்ல இக்னிஷன் பேட்டரி, இக்னிஷன் பாக்ஸ் (ஸ்பார்க் குடுக்கறது), த்ராட்டில் சர்வோ மூணையும் பயர்வால் பக்கத்துக்குத் தள்ளிப் பாருங்க, அப்புறம் எவ்வளவு ஈயம் தேவைன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

க்ளோ பத்தி: 15, 20 சிசி வரைக்கும் க்ளோவுக்கு ஒரு அர்த்தம் உண்டு, இக்னிஷன் பாக்ஸ் கிடையாது, பேட்டரி கிடையாது, லேசா இருக்கும். அதுக்கு மேல போனா எரிபொருள் கணக்கு கட்டுப்படியாகாது. மெத்தனால்ல கிலோவுக்கு இருக்கற சக்தி பெட்ரோல்ல பாதி கூட இல்ல, அதனால அதே பறத்தலுக்கு ரெண்டு மடங்குக்கு மேல ஊத்தணும், டேங்கும் பெருசாகும், றெக்கை வயிறு வால் எல்லாம் ஆயில் வழிஞ்சு அதைத் துடைக்கற வேலை தனி. பெட்ரோலுக்கு மாறறப்ப ஒண்ணு மறந்துடாதீங்க, க்ளோவுக்குப் போட்டிருந்த சிலிக்கான் குழாய் பெட்ரோல்ல ஊறி உப்பிடும், அதனால டேங்க் உள்ள இருக்கறது உட்பட எல்லாக் குழாயையும் பெட்ரோல் தாங்கற டைகான் குழாயா மாத்துங்க, டேங்க் மூடியில இருக்கற ரப்பர் அடைப்பானும் பெட்ரோலுக்குன்னே வர்றதா இருக்கணும்.

கேள்வி: ஒரே 50 சிசி வகுப்புல ஒரு கம்பெனி 5 எச்பிங்கறான், இன்னொருத்தன் அதுக்கு மேல போடறான். கூட போட்டிருக்கறதையே வாங்கிடலாமா?

பதில்: அந்த நம்பர் எந்த ஆர்பிஎம்ல எடுத்ததுன்னு பக்கத்துல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, அதைப் படிங்க. 7500, 8500ன்னு இருக்கும். நீங்க 22க்கு 8 போட்டு ஓட்டறப்ப தரையில அது 7000 பக்கத்துலதான் நிக்கும், அப்ப அந்த எச்பி உங்களுக்கு வரப்போறதே இல்ல. அதனால ரெண்டு இஞ்சினும் ஒரே ப்ராப்ல, கூட வர்ற சைலன்சரோடயே, எத்தனை ஆர்பிஎம் சுத்துதுன்னு கேளுங்க, வெச்சிருக்கறவங்க டாக்கோமீட்டர் வெச்சுப் பாத்திருப்பாங்க. 100, 200 ஆர்பிஎம் வித்தியாசத்துக்கெல்லாம் மண்டைய உடைச்சுக்காதீங்க. அதுக்கு மேல நான் பாக்கறது எடை, உதிரி பாகம் கிடைக்குமா, கார்புரேட்டர் பின்னாடி இருக்கா பக்கவாட்டுல இருக்கா இதெல்லாம்தான். பக்கவாட்டுல இருந்தா சில கௌலிங்க (இஞ்சின மூடற மூக்கு உறை) ஓட்டை போட்டே ஆகணும், பின்னாடி இருந்தா பயர்வாலுக்கும் அதுக்கும் நடுவுல காத்து இழுக்க இடம் விடணும், ரெண்டுலயும் ஒரு தொல்லை உண்டு.

கேள்வி: பி-47 தண்டர்போல்ட் (இரண்டாம் உலகப்போர் ஃபைட்டர்) மாடல், றெக்கை 81 இன்ச், பத்து கிலோ பக்கம் வரும். இதுக்கும் சின்னதே போதும்னு சொல்வீங்களா சார்?

பதில்: இதுக்கு அப்படியே மாத்தி சொல்வேன். பெரிய, கனமான இஞ்சினே போடுங்க, 50லேருந்து 60 சிசி. நிஜ ப்ளேன்ல அந்தக் குட்டை மூக்குக்குள்ள 18 சிலிண்டர் ஆர்-2800 ரேடியல் (வட்டமா சிலிண்டர் அடுக்கின இஞ்சின்), 2000 குதிரை, உக்காந்திருந்துச்சு. மாடல்ல அந்த எடை இல்லாததால ஈயம் வெக்காம தப்பிக்கறது கஷ்டம், அந்த எடைய இஞ்சினாவே வெச்சுக்கறது மேல். இது கப் மாதிரி மிதக்காது, ஃப்ளாப்பும் வீலும் இறங்கின நிலையில லேண்டிங்க விட்டுட்டு மறுபடி ஏறணும்னா பவர் கையில இருக்கணும்.

ஆனா தண்டர்போல்ட்ல நிறைய பேர் கோட்டை விடற இடம் கூலிங். முன்னாடி பாத்தா கௌலிங் அவ்ளோ பெருசா வாயத் திறந்துகிட்டு இருக்கு, காத்துக்கு என்ன குறைச்சல்னு தோணும். காத்து சோம்பேறி சார், சிலிண்டர் ஃபின் (சூட்ட வெளிய விடற மெல்லிசான தகடு) நடுவுல நுழையறத விட காலியா இருக்கற பக்கமா வழுக்கிட்டுப் போயிடும். அதனால உள்ள ஒரு மெல்லிசான ப்ளைவுட் தட்டு வெச்சு மொத்த வாயையும் அடைச்சுட்டு, சிலிண்டருக்கு நேரா மட்டும் அதோட உருவத்துக்கு வெட்டி விடுங்க, ஃபின்னுக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு விரல் கூட நுழையக்கூடாது. அப்புறம் வெளிய போற வழி உள்ள வர்ற வழிய விட ரெண்டு, மூணு மடங்கு இருக்கணும், சூடான காத்துக்கு இடம் ஜாஸ்தி வேணும். தட்டோட நிறம் கருப்பா அடிச்சுட்டா வெளிய தெரியாது, டம்மி ரேடியல் ஒட்டினா இன்னும் அழகு.

நிஜமான ரேடியல் ஃபோர் ஸ்ட்ரோக் ஆசை இருந்தா சைட்டோங்கற ஜப்பான் கம்பெனி பண்றான், 3 சிலிண்டர்ல 60 சிசி, 84 சிசி. சத்தம் கேட்டா மயங்கிடுவீங்க, அது உண்மை. வால்வ் இடைவெளி அப்பப்ப பாக்கணும், அப்புறம் கீழ் பக்கம் பாத்த சிலிண்டர்ல ஆயில் வடிஞ்சு தேங்கும், அதைக் கவனிக்காம ஸ்டார்ட்டர் வெச்சு சுத்தினா கனெக்டிங் ராடே வளைஞ்சிடும். ஒவ்வொரு தடவையும் இக்னிஷன ஆஃப்ல வெச்சு கையால மெதுவா சுத்திப் பாருங்க, முட்டினா நிறுத்திட்டு கீழ் சிலிண்டரோட பிளக்க கழட்டி வடிச்சுடுங்க.

கேள்வி: பெட்ரோல்ல எவ்வளவு ஆயில் கலக்கணும்? ஒருத்தர் 30க்கு 1ங்கறார், ஒருத்தர் 50க்கு 1ங்கறார்.

பதில்: இஞ்சினோட வந்த புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அது. லிட்டருக்குன்னு கணக்கு பாத்தா 30க்கு 1ன்னா 33 மில்லி, 40க்கு 1ன்னா 25, 50க்கு 1ன்னா 20. புதுசுல முதல் சில டேங்குக்கு மினரல் ஆயில் கொஞ்சம் கூடவே போடச் சொல்வாங்க, போடுங்க. ஒண்ணு மட்டும், ஆயில் கூடினா கலவை ரிச் (பெட்ரோல் ஜாஸ்தி) ஆகுதுன்னு பலரும் நினைக்கறாங்க, நடக்கறது நேர் எதிர்: ஊசி வழியா போற அதே அளவுல ஆயில் கூடினா பெட்ரோல் குறையுது, அதனால லீன் ஆகுது. விகிதத்த மாத்தினா ஹை நீடில (முழு வேகத்துக்குப் பெட்ரோல் அளவு வெக்கற ஊசி) மறுபடி பாத்து வெக்கணும்.

கேள்வி: எலக்ட்ரிக்லயே போயிடலாமான்னு வீட்டுல கேக்கறாங்க, சத்தம் தாங்கலயாம்.

பதில்: போகலாம், தப்பே இல்ல. 50 சிசிக்குச் சமமா வேணும்னா 12 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 3000 வாட் பக்கம் மோட்டார். 12 செல் 5000 எம்ஏஎச் பேட்டரில 222 வாட் அவர்தான் இருக்கு, முழு த்ராட்டில்ல நாலரை நிமிஷம், பாத்து ஓட்டினா ஆறு, ஏழு. பேட்டரியே ஒண்ணரை கிலோ வரும். அதுவே 400 மில்லி பெட்ரோல் 300 கிராம்தான், பெரும்பகுதி சூடாவும் புகையாவும் போனாலும் பத்து நிமிஷத்துக்கு மேல பறக்கலாம், ரொப்பிட்டு உடனே அடுத்ததுக்கும் போகலாம். ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு தடவை பறந்தா போதும்னா எலக்ட்ரிக், சாயங்காலம் வரைக்கும் ஓட்டணும்னா பெட்ரோல்.

கேள்வி: பழைய 62 சிசி மேக்னெட்டோ இஞ்சின் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. வாங்கலாமா?

பதில்: மேக்னெட்டோ சுத்தறப்ப தானே ஸ்பார்க்குக்கு கரண்ட் உண்டாக்கும், அதனால இக்னிஷன் பேட்டரி வேண்டாம், அது நல்ல விஷயம். ஆனா ஃப்ளைவீல் எடை கூடும், மெதுவா சுத்தினா ஸ்பார்க் மந்தமா இருக்கும், அதனால கையால ஸ்டார்ட் பண்ணறது சிரமம், ஸ்ப்ரிங் ஸ்டார்ட்டர் இருக்கான்னு பாருங்க. கார்புரேட்டர்ல இருக்கற டயஃப்ரம் (மெல்லிசான சவ்வு) வருஷக்கணக்குல சும்மா கிடந்தா விறைச்சுப் போயிருக்கும், அது சின்ன செலவு, கிட் மாத்தினா சரியாகிடும். முக்கியமா சைலன்சர கழட்டிட்டு எக்ஸாஸ்ட் ஓட்டை வழியா டார்ச் அடிச்சு, ப்ராப மெதுவா சுத்தி பிஸ்டன பாருங்க. மேலருந்து கீழா கோடு கோடா கீறல் இருந்தா எவ்வளவு சல்லிசா குடுத்தாலும் வேண்டாம், அங்கயே வெச்சுட்டு வந்துடுங்க.