அழைப்பவர் ஒருவர், அறிவிக்கப்படும் பெயர் வேறொருவருடையது

கேள்வி: எங்கள் லேண்ட்லைனுடன் யுஎஸ்பி மோடம் ஒன்றை இணைத்து, அழைப்பவரின் எண்ணைச் சிறு நிரல் மூலம் வீட்டுத் தானியக்க அமைப்புக்கு அனுப்பி, மணி அடித்ததும் அவர் பெயரை ஸ்பீக்கர் அறிவிக்கும்படி செய்திருக்கிறேன். ஆனால், அண்ணன் அழைத்தால் அதற்குமுன் அழைத்த மருத்துவமனையின் பெயரைச் சொல்கிறது. ஒருவரே அடுத்தடுத்து அழைத்தால், இரண்டாம் முறை மட்டும் சரியாக வருகிறது. ஸ்பீக்கரை மாற்றியும் பயனில்லை. எதைச் சரிசெய்ய வேண்டும்?

பதில்: ஒருவரே திரும்ப அழைக்கும்போது மட்டும் சரியாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு இருக்கும் இடத்தை அதுவே காட்டிவிடுகிறது. உங்கள் ஸ்பீக்கரில் குறை எதுவும் இல்லை. மணி அடித்த கணத்தில் அமைப்பின் நினைவில் இருப்பது முந்தைய அழைப்பின் எண் என்பதால், அது அந்தப் பழைய எண்ணுக்குரிய பெயரையே படிக்கிறது.

பல நாடுகளில் அழைப்பவரின் எண் முதல் மணியுடன் வருவதில்லை. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையிலான மௌனத்தில், வினாடிக்கு 1200 பிட் வேகத்தில், ஒலிச் சமிக்ஞையாக வந்து சேர்கிறது. மோடம் அனுப்பும் செய்திகள் வரிவரியாகப் பதிவாகும் பதிவேட்டைத் (லாக்) திறந்து வைத்துக்கொண்டு ஓர் அழைப்பை வரச்செய்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: முதலில் 'ரிங்' என்ற வரி தனியாக வரும், சற்றுப் பின்னரே தேதி, நேரம், எண் ஆகியவை வரிவரியாக வரும். ஆகவே, அறிவிப்பைத் தொடங்கி வைப்பது மணியாக இருக்கக் கூடாது, எண்ணின் வருகையாக இருக்க வேண்டும். 'சில வினாடிகள் காத்திரு' என்று மட்டும் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண் வராமலே போகும் அழைப்பில் அது மீண்டும் பழைய பெயரையே சொல்லும்.

இந்த மாற்றத்தைச் செய்தவுடன் வேறொரு சிக்கல் தலைகாட்டக்கூடும். பல அமைப்புகளில் சென்சாரின், அதாவது வந்த எண்ணை அமைப்பு வைத்திருக்கும் இடத்தின், மதிப்பு மாறினால்தான் ஆட்டோமேஷன் (அறிவிப்பைச் செய்யும் தானியங்கு விதி) இயங்கும் என்பதால், அதே எண்ணிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தால் ஸ்பீக்கர் வாய் திறக்காது. அவசரம் என்றால்தான் ஒருவர் உடனே மறுபடியும் அழைப்பார். அந்த அழைப்பு அறிவிக்கப்படாமல் போவது, எழுந்து வந்து பார்க்க முடியாத முதியவர் இருக்கும் வீட்டில் சிறு குறையன்று. எனவே, ஒவ்வோர் அழைப்பும் முடிந்ததும் எண்ணுக்குரிய சென்சாரை வெறுமையாக்கிவிடுங்கள்.

பதிவேட்டில் 'ரிங்' மட்டும் வந்து எண் வரவே இல்லையென்றால், ஆட்டோமேஷனைத் தொட வேண்டாம். அந்த இணைப்பில் எண் காட்டும் வசதி இருக்கிறதா, எண்ணைத் தெரிவிக்கும்படி மோடத்துக்குச் சொல்லும் 'ஏடி+விசிஐடி=1' (AT+VCID=1) என்ற கட்டளை சென்றிருக்கிறதா, அதே கம்பியில் டிஎஸ்எல் இணைய இணைப்பு இருந்தால் அதன் சமிக்ஞையைத் தொலைபேசிப் பக்கம் வராமல் தடுக்கும் வடிகட்டி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணை அனுப்பும் முறையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் முதல் மணிக்கு முன்பே எண் வந்துவிடும், வேறு சில நாடுகளில் டிடிஎம்எஃப் முறையில், அதாவது தொலைபேசிப் பொத்தான்களை அழுத்தும்போது எழும் ஒலிகளாக, வரும். ஒரு முறைக்கென்று செய்யப்பட்ட மோடம் மற்றொன்றைப் புரிந்துகொள்ளாமல் போகலாம்.

கேள்வி: பெயர்ப் பட்டியலில் இருப்பவர் அழைத்தாலும் சில வேளைகளில் பெயருக்குப் பதிலாக எண்ணைத்தான் சொல்கிறது, அதையும் கோடி, லட்சம் என்று படிக்கிறது.

பதில்: ஒரே எண் சில அழைப்புகளில் நாட்டுக் குறியீட்டுடனும், சிலவற்றில் முன்னால் பூஜ்யத்துடனும், சிலவற்றில் இவை இரண்டும் இல்லாமலும் வரும். முழு எண்ணையும் ஒப்பிடாமல், இலக்கமல்லாத குறிகளை நீக்கிவிட்டு, நாட்டுக் குறியீடும் பூஜ்யமும் போக எஞ்சும் கடைசி இலக்கங்களை மட்டும் ஒப்பிடச் செய்யுங்கள். பட்டியலில் இல்லாத எண்ணைப் படிக்கும்போது, ஒவ்வோர் இலக்கத்துக்கும் இடையே ஓர் இடைவெளி விட்டு அனுப்பினால் குரல் அவற்றைத் தனித்தனியாக உச்சரிக்கும். எண்ணுக்குப் பதிலாக 'பி' (P) அல்லது 'ஓ' (O) என்ற ஓரெழுத்து மட்டும் வந்தால், முன்னது அழைப்பவர் தம் எண்ணை மறைத்திருப்பதையும், பின்னது எண் கிடைக்கவில்லை என்பதையும் குறிக்கும். இவற்றுக்கென இரண்டு தனி வாக்கியங்களை எழுதி வையுங்கள்.