விண்டோஸ் 11-இல் வலது கிளிக் மெனுவை ஏன் மாற்றினார்கள்? பழையது திரும்பக் கிடைக்குமா?

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் மாற்றிய அன்று நானும் முழித்தேன். ஆதார் நகலுக்கு நாலு பேர் நிற்கிறார்கள். வலது கிளிக் செய்தால் ‘காப்பி’ என்ற சொல்லே இல்லை, ஓரத்தில் பெயரில்லாத குட்டிப் படங்கள்தான். (பெயரைப் பின்னால் வந்த அப்டேட்டில்தான் எழுதினார்கள்.)

காரணம் இருக்கிறது. நாம் போடும் ஒவ்வொரு மென்பொருளும் தன் பங்குக்கு அந்த மெனுவில் ஒரு வரியைச் சொருகிவிடும். வருடக்கணக்கில் அது அனுமார் வால் மாதிரி நீண்டுவிட்டது. அதனால் 2021-இல் சுருக்கினார்கள். சுருக்கியது சரி, பழகிய கையை யோசித்திருக்கலாம்.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஃபைல் மேல் வலது கிளிக் செய்யுங்கள், பழைய மெனு அப்படியே வரும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பிறகு சேர்த்த டேப் வசதி (ஒரே ஜன்னலில் பல ஃபோல்டர்களைத் திறப்பது) மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது: பென் டிரைவ் ஒன்றில், ஸ்கேன் ஃபோல்டர் இன்னொன்றில்.