புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காத முயல்

வளர்ப்புப் பிராணிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் முயலுக்கு ஒன்றரை வயது, எடை 1.8 கிலோ. பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) கிண்ணத்தில் எப்போதும் நிறைந்தே இருக்கும்; நாளைக்கு 100 கிராம் வரை காலியாகிறது. கேரட், வாழைப்பழம் என்றால் ஓடி வருகிறது. டிமோத்தி என்ற உலர்புல்லை மட்டும் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. வாங்கிய ஒரு கிலோ பாக்கெட்டில் பாதி இரண்டு மாதமாக அப்படியே கிடக்கிறது. எப்படிப் பழக்குவது?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: நிறைந்த கிண்ணம், இரண்டு மாதப் பாக்கெட் என்று இரண்டு காரணங்களை நீங்களே எழுதிவிட்டீர்கள். அவற்றில் கை வைக்கும் முன் பல்லைப் பார்த்துவிட வேண்டும்.

முயலுக்கு 28 பற்கள். எல்லாமே ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். நார் நிறைந்த புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்கும்போதுதான் கடைவாய்ப் பற்கள் தேய்கின்றன. பெல்லட்டை இரண்டு கடியில் நொறுக்கி விழுங்கிவிடலாம், அதில் அந்தத் தேய்மானம் கிடையாது. தேயாத பல்லின் ஓரம் கூராக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். அப்போது முயலுக்குப் புல் மேல் ஆசை இருக்கும், மெல்லத்தான் முடியாது. உங்கள் முயல் புல்லை வாயில் எடுத்துவிட்டுக் கீழே போடுகிறதா, தாடைக்குக் கீழே ரோமம் ஈரமாக இருக்கிறதா, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போங்கள். கடைவாய்ப் பல் வெளியிலிருந்து தெரியாது. கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். முன்பல் நீண்டிருந்தால் நகவெட்டியால் நறுக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பல் வேர்வரை பிளந்து சீழ் கட்டும்.

பல் நன்றாக இருந்தால், பிரச்சினை வயிற்றில் இடமில்லாததுதான். 1.8 கிலோ முயலுக்கு நாளைக்கு 45 கிராம் பெல்லட் போதும். அதாவது கிலோவுக்கு 25 கிராம். 100 கிராம் தின்ற பிறகு புல்லுக்கு ஏது பசி? ஆனால் ஒரே நாளில் குறைத்துவிடக் கூடாது. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் தீவன மாற்றத்துக்கு மெதுவாகத்தான் பழகும். நான்கு நாளுக்கு ஒருமுறை 10 கிராம் குறையுங்கள். மூன்றரை வாரத்தில் 45க்கு வந்துவிடலாம். கிண்ணத்தை நிரப்பி வைக்காமல் காலையில் பாதி, இரவு பாதி என்று நிறுத்துக் கொடுங்கள். சோளம், விதை, வண்ண வண்ணத் துண்டுகள் கலந்த தீவனமாக இருந்தால் அதை விட்டுவிட்டு, ஒரே மாதிரிப் பெல்லட்டுக்கு மெல்ல மாற்றுங்கள். கலவை கொடுத்தால் இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்னும்.

வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் இந்த ஒரு மாதம் அடியோடு நிறுத்துங்கள். கேரட் வாரத்துக்கு இரண்டு முறை, கட்டைவிரல் நுனி அளவுக்கு. கொத்தமல்லி, புதினா தினமும் ஒரு கைப்பிடி தரலாம்.

வாரம் ஒருநாள், அதே வேளையில், சமையலறைத் தராசில் கூடையோடு வைத்து எடை பாருங்கள். 90 கிராமுக்கு மேல் குறைந்தால் பெல்லட் குறைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது புல். சென்னைக் காற்றின் ஈரத்தில் பிரித்த பாக்கெட் சில வாரங்களில் மணமிழந்து துவண்டுவிடும். முயல் மூக்கால்தான் தீர்மானிக்கிறது. நல்ல புல்லைக் கையில் கசக்கினால் பச்சை வாசனை வர வேண்டும். அட்டைப்பெட்டி வாசனையோ மக்கல் வாசனையோ வந்தால், சாம்பல் நிறப் பொடி பறந்தால், அதைக் கொட்டிவிடுங்கள். பூசணப் புல்லைப் பழக்குவதைவிடப் பழக்காமலே இருக்கலாம். நல்ல புல்லைத் துணிப்பையில், தரையில் படாமல், சமையலறைக்கும் குளியலறைக்கும் தள்ளி வையுங்கள். போடுவதற்கு முன் ஒரு பிடியை உதறித் தூசு போக்கி, பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் மொறுமொறுப்பும் மணமும் ஓரளவு திரும்பும். அடுத்த முறை அரைக்கிலோவாக வாங்குங்கள். முதல் அறுவடைப் புல் தண்டு தண்டாக, முரடாக இருக்கும். இரண்டாம் அறுவடையில் இலை அதிகம், மென்மையாக இருக்கும். அடம்பிடிக்கும் முயலை இரண்டாம் அறுவடையில் தொடங்கிப் பிறகு முரட்டுப் புல்லைக் கலப்பது சுலபம்.

போடும் இடமும் முக்கியம். முயலுக்குப் புழுக்கை போட்டுக்கொண்டே மெல்லும் பழக்கம் உண்டு. அதனால் கழிவுத் தட்டின் ஒரு பக்கம் முழுக்கப் புல்லைக் குவியுங்கள். குவியல் முயலின் உடம்பளவு இருக்கட்டும். உயரத்தில் மாட்டிய கம்பிக் கூட்டில் சொருகி வைத்தால் எட்டி இழுக்கச் சோம்பல்படும் முயல் தொடாது. காலை ஐந்து, ஆறு மணிக்கும், பொழுது சாய்ந்த பிறகும்தான் அதற்கு உண்மையான பசி. அந்த இரு வேளையும் பழையதை எடுத்துவிட்டுப் புதுப் புல் போடுங்கள், பெல்லட்டை ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். இரண்டு பெல்லட்டை நசுக்கித் தூவலாம். நிழலில் உலர்த்திய புதினா இலையைக் கசக்கிக் கலக்கலாம். டிஷ்யூ ரோல் அட்டைக் குழலில் புல்லைத் திணித்து நடுவில் ஒரு கொத்தமல்லித் தண்டை ஒளித்து வைத்தால், அதை எடுக்கப் புல்லை இழுத்தாக வேண்டும்.

மாற்றம் புழுக்கையில் தெரியும். சிறிதாக, கருப்பாக, கெட்டியாக இருந்தது உருண்டு பெருத்து, பழுப்பாகி, நசுக்கினால் உள்ளே நார் தெரிய வேண்டும். அப்படி வந்தால் சரியான வழியில் போகிறீர்கள்.

கேள்வி: டிமோத்தி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. வைக்கோல் போடலாமா? அருகம்புல்லைக் காயவைத்துக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: வைக்கோல் முதன்மைத் தீவனமாக உதவாது. கதிர் அறுத்த பிறகு மிஞ்சும் தண்டு அது, சத்து மிகக் குறைவு. படுக்கைக்குப் போடலாம், கொரித்தால் தவறில்லை.

அருகம்புல் நல்ல மாற்று. பிள்ளையார் கோயில் வாசலில் விற்கும் கட்டு எங்கே அறுத்தது என்று விசாரித்து வாங்குங்கள். சாலையோரப் புல்லில் நாய் மூத்திரமும் வண்டிப் புகையும் இருக்கும், பூங்காப் புல்லில் பூச்சிமருந்து இருக்கலாம். மூன்று தண்ணீரில் அலசி, உதறி, மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். காலை வெயில் பட்டதும் நிழலுக்கு மாற்றுங்கள். முழுநாள் வெயிலில் பச்சையும் மணமும் போய்விடும். நாளைக்கு இரண்டு முறை கிளறி, பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். புறா எச்சம் விழாமல் மேலே கொசுவலை போடுங்கள். இரண்டு மூன்று நாளில் தண்டை மடித்தால் சட்டென்று முறியும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே கட்டி வைத்தால் சூடேறிப் பூசணம் பிடிக்கும். பச்சைப் புல் காய்ந்தால் எடை வெகுவாகக் குறைந்துவிடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் இந்த முயற்சியே வேண்டாம், பாக்கெட் புல்தான் நல்லது.

கால்நடைத் தீவனமாகக் கிடைக்கும் கொழுக்கட்டைப் புல்லும் நல்லது. குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதிகம்; ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்குச் சரி, வளர்ந்த முயலுக்குத் தினசரி கொடுத்தால் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்பு படியும். அகத்திக்கீரையும் முருங்கைக்கீரையும் அப்படித்தான், எப்போதாவது நான்கைந்து இலை போதும்.

கேள்வி: எங்கள் முயல் தன் கழிவையே தின்கிறது. சத்துக் குறைபாடா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: இல்லை. பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பை போன்ற பகுதியில் நொதித்து வரும், திராட்சைக் கொத்துப் போன்ற மெத்தென்ற உருண்டைகளை நேராக வாயால் எடுத்துத் தின்பது முயலின் இயற்கை. அவற்றைத் தின்னாமல் பின்புறத்தில் அப்பிக் கிடந்தால்தான் கவலை. பெரும்பாலும் பெல்லட்டும் இனிப்பும் அதிகமாகி, புல் குறைந்ததன் அடையாளம் அது.

கேள்வி: நேற்று இரவிலிருந்து எதுவும் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. காத்திருந்து பார்க்கலாமா?
– ஒரு வாசகி, வில்லிவாக்கம்

பதில்: உங்களுக்கு உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறோம். காத்திருக்கக் கூடாது. 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் குடல் இயக்கம் நின்றிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து. அன்றே முயல் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் கொண்டு போங்கள். வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

கிளம்பும் முன் காதைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். கொதிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் வெயிலின் பாதிப்பு. காதைச் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள், ஐஸ் வேண்டாம். வயிறு மேளம் போல் உப்பி இறுகியிருந்தால் சிரிஞ்சில் எதையும் ஊட்டாதீர்கள், அடைப்பாக இருக்கலாம். வீட்டிலிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். வாய்வழி கொடுக்கும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் முயலின் நல்ல குடல் கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும். சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கும் முன் பட்டினி போட வேண்டும் என்று யாராவது சொன்னால் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் பட்டினி தேவையில்லை. கடைசியாகப் போட்ட புழுக்கையைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள், தின்ற பெல்லட் பாக்கெட்டையும் சேர்த்து.